வாசிக்கும்போது இடறும் சொற்களுக்கு ஒரு செயலி: கட்டும் முறை

பழைய உரைநடை, சரித்திர நாவல், செய்யுள் என்று எதைக் கையில் எடுத்தாலும் பக்கத்துக்கு இரண்டு சொல்லாவது இடறும். நுதல், மருங்கு, ஞிமிறு, பரவை என வந்துகொண்டே இருக்கும். அகராதியைப் பார்த்துப் பொருள் தெரிந்துகொண்டு மேலே போவோம். இருபது பக்கம் தாண்டி அதே சொல் வரும்போது, ஏற்கெனவே பார்த்த சொல் என்பது தெரியும். பொருள் மட்டும் வராது. இந்த இடைவெளியை அடைக்க, சொல்லையும் அது வந்த வரியையும் ஓர் அட்டையாக்கி, நாள் இடைவெளி விட்டு மறுபடி மறுபடி காட்டும் ஒரு சின்னச் செயலி போதும். ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரிந்தவர் சர்வர் இல்லாமலேயே இதைக் கட்டிவிடலாம்.

இப்படி அட்டைகளைக் காட்டி நினைவில் நிறுத்த ஆங்கி இருக்கிறதே என்று கேட்கலாம். 2006இல் வெளிவந்து இன்றுவரை வளர்ந்துவரும் அருமையான இலவசக் கருவி அது. ஆனால் வாசித்துக்கொண்டிருக்கும் வரியில் ஒரு சொல்லைத் தொட்டதும் உருபை நீக்கி, அடிச்சொல்லை அகராதியில் தேடி, அந்த வரியோடு சேர்த்து அட்டையாக்கும் வேலையை அது தானாகச் செய்யாது. தமிழ் வாசகருக்குக் கடினமான பகுதியே அதுதான். இந்தக் கட்டுரையில் பாதி இடம் அதற்கே போகிறது.

எதில் கட்டுவது

பிரவுசரில் ஓடி, போனின் முகப்பில் நிறுவிக்கொள்ளக்கூடிய வெப் ஆப் போதும். மூன்று திரைகள்: சொல் சேர்ப்பது, இன்றைய அட்டைகள், சொற்பட்டியல். தரவை இண்டெக்ஸ்டு டிபியில் (பிரவுசருக்குள்ளேயே இருக்கும் தரவுத்தளம்) வையுங்கள். லோக்கல் ஸ்டோரேஜ் எளிது என்று அதில் தொடங்க வேண்டாம். சுமார் 5 எம்பியில் அது நிறைந்துவிடும், அகராதிக் கோப்பு அதில் அடங்காது. இணையம் இல்லாதபோதும் திறக்க ஒரு சர்வீஸ் வொர்க்கர் (பிரவுசரின் பின்னணியில் ஓடும் சிறு நிரல்) வேண்டும். அது எச்டிடிபிஎஸ் முகவரியில்தான் வேலை செய்யும். சோதனைக்கு லோக்கல்ஹோஸ்ட் மட்டும் விதிவிலக்கு.

ஆண்ட்ராய்டு குரோமில் நிறுவிய வெப் ஆப், பகிர்வுப் பட்டியலில் தன் பெயரைக் காட்ட முடியும். செயலியின் பெயர், படம் போன்ற விவரங்களைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் 'ஷேர் டார்கெட்' பகுதியைச் சேர்த்தால் போதும். மின்னூலில் ஒரு வரியைத் தேர்ந்து 'பகிர்' அழுத்தினால் அது நேரே உங்கள் செயலிக்கு வந்துவிடும். ஐபோன் சஃபாரியில் இந்த வசதி இல்லை. அங்கே நகலெடுத்து ஒட்டத்தான் வேண்டும்.

அச்சு நூல் படிக்கிறவர் கையால்தான் தட்டச்சிடுவார். அவருக்காகச் சேர்க்கும் திரையில் கட்டாயப் புலங்கள் இரண்டு மட்டும் இருக்கட்டும்: சொல், வாக்கியம். பொருள், நூல் பெயர், பக்கம் எல்லாம் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். வாசிப்பின் நடுவே ஐந்து புலங்களை நிரப்பச் சொன்னால் யாரும் சேர்க்க மாட்டார்கள்.

உள்ளே வரும் எழுத்தைச் சுத்தம் செய்தல்

திரையில் ஒன்றாகத் தெரியும் இரண்டு 'கொ' உள்ளே வேறாக இருக்கலாம். ஒன்று, ககரத்தோடு 'ொ' என்ற ஒரே குறி (யூனிகோடு எண் 3018). மற்றொன்று, ககரத்தோடு ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக (3014, 3006). பொருத்திப் பார்த்தால் இவை வேறு வேறு சொற்கள் என்றே கணினி சொல்லும். அகராதியில் இருக்கும் சொல்லும் 'கிடைக்கவில்லை' என்று வரும். வரும் எழுத்து, அகராதி, தேடல் மூன்றையும் 'நார்மலைஸ்' கட்டளையால், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிட்டால் இது தீரும்.

அது தீர்க்காதவையும் உண்டு. 'ஔ' என்ற ஓரெழுத்துக்குப் பதில் 'ஒ', 'ள' என்று இரண்டாகத் தட்டச்சிட்டவற்றை என்எஃப்சி தொடாது. 'ஸ்ரீ'க்கும் யூனிகோடில் இரண்டு வடிவம் உண்டு. தேடலுக்கென ஒரு தனிச் சாவியை வைத்து இவற்றை அதில் மட்டும் ஒன்றாக்குங்கள். வாசகர் பார்க்கும் எழுத்தை மாற்றாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத 8203, 8204, 8205 எண் குறிகளையும், மின்னூல்களில் வரி உடைக்க வைக்கும் மென்கோட்டையும் (173) இதே சாவியிலிருந்து நீக்கிவிடுங்கள்.

பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்ததில் சொல்லின் முதல் குறியே கொம்பாகவோ ஐகாரக் குறியாகவோ இருந்தால், அந்தக் கோப்பு எழுத்துகளைப் பார்வை வரிசையில் வைத்திருக்கிறது என்று பொருள். சரிசெய்ய முயலாமல், தட்டச்சிடும்படி கேட்டுவிடுவதே நல்லது. அரைகுறையாகச் சரிசெய்த சொல் பட்டியலில் தங்கிப் பின்னால் தொல்லை தரும்.

வரியைச் சொற்களாகப் பிரிக்கும்போது ரெகுலர் எக்ஸ்பிரஷனின் வழக்கமான 'சொல் எழுத்து', 'சொல் எல்லை' குறிகளைப் பயன்படுத்த வேண்டாம். அவை ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் மட்டுமே. யூனிகோடின் 'எழுத்து' வகையைப் போட்டாலும் புள்ளியும் உயிர்க்குறிகளும் 'குறி' வகையில் விழுவதால் சொல் நடுவில் அறுந்துபோகும். 2944 முதல் 3071 வரையுள்ள தமிழ்ப் பகுதி முழுவதையும் ஒரே வகையாகக் கொள்ளுங்கள், அதுவே போதும்.

சொற்பட்டியலை அகரவரிசைப்படுத்தும்போதும் இதே சிக்கல்தான். யூனிகோடு எண் வரிசையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் நிற்கின்றன. நம் அகராதி வரிசையில் றகரமும் னகரமும் கடைசியில் வர வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் 'கொலேட்டர்' கருவிக்குத் தமிழ் என்று சொல்லிவிட்டு, 'நகம், பல், மரம், வனம், ழகரம், றகரம், னகரம்' என்ற வரிசை கலையாமல் வருகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

அடிச்சொல்லைக் கண்டுபிடித்தல்

வாசகர் தொடும் சொல் 'நுதலைச்' என்று இருக்கும். அகராதியில் இருப்பது 'நுதல்'. கடைசி 'ச்' சந்தி. தமிழ்ச் சொல் எதுவும் க், ச், த், ப் என்று முடிவதில்லை. அதனால் துணிந்து நீக்கலாம். 'கிளப்' போன்ற கடன் சொற்கள் அடிபடாமலிருக்க, வந்த வடிவத்தையும் தேடும் பட்டியலில் முதலாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சியது 'நுதலை'. இதிலிருந்து ஐகாரக் குறியை மட்டும் வெட்டினால் கிடைப்பது 'நுதல'. அகர உயிர் ஒட்டிக்கொண்டு நிற்கும். உருபு நீக்கும் நிரல்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். எதையும் வெட்டுவதற்கு முன் சொல்லை மெய், உயிர் எனப் பிரித்துவிட வேண்டும்: ந்-உ-த்-அ-ல்-ஐ. இப்போது ஐயை நீக்கினால் ந்-உ-த்-அ-ல். திரும்பச் சேர்த்தால் 'நுதல்'. பிரிக்க ஒன்று, சேர்க்க ஒன்று என இரண்டு சிறு செயற்கூறுகள். பிரித்துச் சேர்த்தால் பழைய சொல்லே வருகிறதா என்று அகராதி முழுவதையும் ஓட்டிப் பாருங்கள். ஒரு சொல்கூடத் தவறக் கூடாது.

உருபுகளை வெளியிலிருந்து உள்ளே உரிக்க வேண்டும். முதலில் தான், ஏ, ஓ, உம், பிறகு இலிருந்து, உடன், இடம் போன்றவை, பிறகு ஐ, ஆல், கு, இன், அது, இல், பிறகு கள். சுமார் முப்பது ஈறுகள் போதும். உரித்தபின் மிச்சத்துக்குச் சில மாற்றங்கள் தேவை. 'அகழியை' உரித்தால் 'அகழிய்' நிற்கும். இ, ஈ, ஐக்குப் பின் வரும் யகர உடம்படுமெய்யை நீக்குங்கள். மற்ற உயிர்களுக்குப் பின் வகரத்தை நீக்குங்கள். 'மருங்கை' உரித்தால் 'மருங்க்'. வல்லின மெய்யில் முடிந்தால் உகரம் சேர்த்து 'மருங்கு' ஆக்குங்கள். 'த்த்' என முடிந்தால் அதை எடுத்துவிட்டு மகரம் (கொத்தளத்தில், கொத்தளம்). 'ட்ட்' என்றால் 'டு', 'ற்ற்' என்றால் 'று'. பன்மையில் 'ங்கள்' மகரமாகும். 'சொற்கள்', 'நாட்கள்' போன்றவற்றில் றகரம் லகரமாகவும் டகரம் ளகரமாகவும் திரும்பும்.

'கோட்டில்' என்ற சொல்லை இதன் வழியே அனுப்பிப் பாருங்கள். க்-ஓ-ட்-ட்-இ-ல். இல் போனால் க்-ஓ-ட்-ட். விதிப்படி 'கோடு'. வெறும் உகரம் சேர்த்தால் 'கோட்டு'. இரண்டும் அகராதியில் இருக்கின்றன: ஒன்று மலையுச்சி, கிளை, யானைத் தந்தம், மற்றொன்று மேலே அணியும் கோட்டு. எது சரி என்று வரியைப் படித்தவருக்குத்தான் தெரியும். எனவே நிரல் முடிவெடுக்கக் கூடாது. ஒவ்வொரு விதியும் பழைய வடிவை அழிக்காமல் புதிய ஒன்றைப் பட்டியலில் சேர்க்கட்டும். அகராதியில் இருப்பவற்றை மட்டும் பட்டன்களாகக் காட்டுங்கள். வாசகர் ஒன்றைத் தொடட்டும். எதுவும் இல்லையென்றால் காலிப் பெட்டி ஒன்று. தானியங்கியாக முடிவெடுக்கும் பகுப்பியைத் தேடிக் காலம் கடத்துவதைவிட இந்த ஒரு தொடுகை எவ்வளவோ மேல்.

வினைச்சொற்களுக்கு இவ்வளவு நீளத்துக்குப் போக வேண்டாம். நின்றான், கற்றான், கேட்டான் ஆகியவை நில், கல், கேள் என்று திரும்ப வேண்டும். விதிகள் பெருகிக்கொண்டே போகும். அடிக்கடி வரும் வடிவங்களுக்கு ஒரு சிறு அட்டவணை, மற்றதற்குக் காலிப் பெட்டி.

அகராதி விஷயம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இலக்கியச் சொல்லுக்கு அதுவே முதல் துணை. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் அதைத் தேடிப் பார்க்கலாம். அங்கே தேட முடிகிறது என்பதற்காக மொத்தமாக இறக்கிச் செயலிக்குள் வைத்துவிடக் கூடாது, உரிமத்தைப் பாருங்கள். அதில் வினைகள் தல், த்தல் ஈற்றோடு தலைச்சொல்லாக நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். செயலிக்குள்ளேயே வைக்கத் தமிழ் விக்சனரியின் தரவுக்கோப்பு ஏற்றது. விக்கிமீடியா அதை எல்லோருக்கும் தருகிறது. மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்பதே நிபந்தனை. முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் நினைவகத்தில் ஏற்றினால் விலை குறைந்த போன் திணறும். முதலெழுத்து வாரியாக உடைத்து, தேவைப்படுவதை மட்டும் ஏற்றுங்கள்.

அட்டை

அட்டையின் முன்பக்கத்தில் வாசகர் படித்த வாக்கியம் முழுதாக இருக்க வேண்டும். கேட்கும் சொல் தடித்த எழுத்தில். சொல்லின் ஒரு பகுதிக்கு மட்டும் நிறம் கொடுத்தால் சில இடங்களில் கொம்பும் காலும் பிரிந்து தெரியும்; உருபோடு சேர்த்து முழுச் சொல்லையும் தடிப்பாக்குங்கள். பின்பக்கத்தில் அந்த இடத்துக்குரிய ஒரே பொருள், நான்கைந்து சொல்லுக்குள். அகராதிப் பதிவை முழுதாக ஒட்டினால், எதை நினைவுகூர்ந்தால் சரி என்பதே தெரியாமல் போகும்.

பொருள் வேறென்றால் அட்டையும் வேறு. 'தொலைவில் அரவம் கேட்டது' என்பதில் ஓசை. 'புற்றிலிருந்து அரவம் வெளிப்பட்டது' என்பதில் பாம்பு. இரண்டையும் ஒரே அட்டையில் அடைத்தால் ஒன்று மட்டும் நினைவில் நிற்கும், மதிப்பெண் இரண்டுக்கும் விழும்.

வாக்கிய அட்டைக்கு ஒரு குறை உண்டு. நாலைந்து முறை பார்த்தபின் மனம் வாக்கியத்தை அடையாளம் கண்டுகொண்டு விடை சொல்லும். சொல்லைப் பார்ப்பதே இல்லை. மாற்று இரண்டு. அதே சொல் வேறு பக்கத்தில் எதிர்ப்பட்டால் புது அட்டை போடாமல், அந்த வாக்கியத்தையும் பழைய அட்டையிலேயே சேர்த்து மாற்றி மாற்றிக் காட்டுங்கள். இடைவெளி 21 நாளைத் தாண்டிய அட்டையில் முதலில் சொல்லை மட்டும் காட்டி, தொட்டால்தான் வாக்கியம் தெரியும்படி வையுங்கள்.

விடையைத் தட்டச்சிடச் சொல்ல வேண்டாம். வாசகருக்குத் தேவை, சொல்லைக் கண்டதும் பொருள் தோன்றுவது. 'நெற்றி'க்கு 'நெத்தி' என்று எழுதியதைத் தவறாக்கும் செயலியை இரண்டாம் நாள் மூடிவிடுவார்கள். விடையைப் பார்த்துவிட்டு அவரே மதிப்பிட நான்கு பட்டன்: மறந்தேன், சிரமம், சரி, எளிது.

எப்போது மறுபடி காட்டுவது

மறதியின் வேகத்தை ஜெர்மன் உளவியலாளர் எபிங்காஸ் 1885இலேயே அளந்து எழுதினார். இன்று பல செயலிகளுக்கு அடிப்படையான எஸ்எம்-2 கணக்கை 1987இல் அமைத்தவர் போலந்தின் பியோத்ர் வோஸ்னியாக். தொடங்குவதற்கு அதுவே போதும்.

ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் எளிமை எண், தொடக்கம் 2.5. முதல் இடைவெளி 1 நாள், இரண்டாவது 6 நாள், அதன்பின் முந்தைய இடைவெளியை எளிமை எண்ணால் பெருக்க வேண்டும். தொடர்ந்து 'சரி' என்றால் 1, 6, 15, 38, 95 என்று போகும். 'எளிது' என்றால் எளிமை எண் 0.1 கூடும், 'சரி' என்றால் மாறாது, 'சிரமம்' என்றால் 0.14 குறையும். 1.3க்குக் கீழே விடக் கூடாது. 'மறந்தேன்' என்றால் எளிமை எண்ணைத் தொடாமல் இடைவெளியை 1 நாளிலிருந்து மறுபடி தொடங்குங்கள். அன்றைய அமர்வின் கடைசியிலும் ஒருமுறை காட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் 'சிரமம்' அழுத்துகிறவர்கள் இருப்பார்கள். ஒன்பதே அழுத்தில் எளிமை எண் அடிமட்டத்துக்கு வந்துவிடும். அதன்பின் மறந்து முதலிலிருந்து தொடங்கினால் இடைவெளிகள் 6, 8, 10, 13, 17 என்று ஊர்ந்துதான் போகும், அன்றாடப் பட்டியல் வீங்கும். தொடர்ந்து மூன்று 'சரி' வந்தால் 0.05 ஏற்றிவிடும் ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டால் அட்டை மெல்ல மீளும். இது மூலக் கணக்கில் இல்லாதது, ஆனால் தேவை.

புதுச் சொல் நாளுக்கு எத்தனை? 10 என்று வைத்தால், ஒன்றையும் மறக்காமலே, இரண்டு மாதத்தில் 1, 6, 15, 38 நாள் அட்டைகள் பத்துப் பத்தாக வந்து தினமும் 40 மறுபார்வை சேரும். புதியவற்றோடு 50, மறந்தவை இதற்கு மேல். 5 என்று வைத்தால் 25. நாங்கள் 5ஐத்தான் இயல்பாக வைக்கச் சொல்வோம். வாசகர் ஒரே மாலையில் முப்பது சொல் சேர்த்தாலும் அவை வரிசையில் காத்திருக்கட்டும்.

பரவை (கடல்), பறவை போன்ற ஒலிநெருக்கம் உள்ளவற்றை ஒரே வாரத்தில் புதிதாகக் காட்டினால் ஒன்றை ஒன்று குழப்பும். மெய், உயிர் எனப் பிரித்த வடிவம் வைத்திருக்கிறீர்கள் அல்லவா. அதில் ஓர் எழுத்து மட்டும் வேறுபடும் அட்டை அண்மையில் நுழைந்திருந்தால் புதியதைப் பத்து நாள் தள்ளிவையுங்கள். எட்டு முறை மறந்த அட்டையை நிறுத்திவைத்து, வேறு வாக்கியம் சேர்க்கச் சொல்லுங்கள். அத்தகைய அட்டையில் குறை பெரும்பாலும் பொருளை எழுதிய விதத்தில்தான் இருக்கும்.

இரண்டு வாரம் திறக்காமல் இருந்துவிட்டால் இருநூறு அட்டை குவிந்திருக்கும். மொத்தத்தையும் காட்டினால் வாசகர் செயலியை நீக்கிவிடுவார். நாளுக்கு 40 என்று வரம்பு வையுங்கள். தாமதமான நாளை இடைவெளியால் வகுத்து, விகிதம் சிறியதை முன்னால் காட்டுங்கள்: அவை இன்னும் மறக்காதவை, இன்று பார்த்தால் தப்பும். விகிதம் பெரியவை அநேகமாக மறந்தே போயிருக்கும். இன்னும் இரண்டு நாள் காத்திருந்தால் கூடுதல் நட்டமில்லை. தாமதமாகியும் 'சரி' என்றால் தாமதத்தில் பாதியை இடைவெளியோடு கூட்டிப் பெருக்குங்கள்.

ஒவ்வொரு பட்டன் அழுத்தலையும் அட்டை எண், நேரம், பட்டன், கடந்த நாள்கள் ஆகியவற்றோடு ஒரு தனிப் பதிவேட்டில் எழுதி, அதை ஒருபோதும் அழிக்காதீர்கள். 2023இல் ஆங்கியில் சேர்ந்த எஃப்எஸ்ஆர்எஸ் போன்ற புதுக் கணக்குகள் ஒருவரின் மறதியை அவருடைய பழைய விடைகளிலிருந்தே கற்கின்றன. பதிவேடு இருந்தால் நாளைக்கு மாறிக்கொள்ளலாம்.

தேதி, பேக்கப், சோதனை

ஜாவாஸ்கிரிப்டின் ஐஎஸ்ஓ தேதி வடிவம் கிரீன்விச் நேரத்தைத் தரும். இந்தியாவிலும் இலங்கையிலும் நள்ளிரவு முதல் காலை 5:30 வரை அது நேற்றைய தேதியைக் காட்டும். அதிகாலையில் படிக்கிறவருக்கு அன்றைய அட்டைகள் வராது. உள்ளூர் நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்தைக் கழித்து (இரவு ஒரு மணிக்குப் படிப்பதும் அதே நாள் கணக்கில் வரும்), கிடைக்கும் ஆண்டு, மாதம், நாளை நாள் எண்ணாக மாற்றி முழு எண்ணாகச் சேமியுங்கள். லண்டனிலும் டொரண்டோவிலும் கடிகாரம் மாறும் நாளுக்கு 23 அல்லது 25 மணி நேரம்; மணிக்கணக்கை 24ஆல் வகுக்கும் நிரல் அங்கே பிசகும்.

பிரவுசர் இடநெருக்கடியில் தரவை அழிக்கலாம். முகப்பில் நிறுவாத தளத்தை ஏழு நாள் தொடாவிட்டால் சஃபாரி அதன் சேமிப்பைத் துடைத்துவிடும். நிலைத்த சேமிப்புக்கு அனுமதி கேளுங்கள். அதை நம்பி இருந்துவிடாமல் வாரம் ஒருமுறை ஜேசன் கோப்பாக இறக்கச் சொல்லுங்கள். அட்டைகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்தால் இரண்டு போன்களின் பேக்கப்பைச் சேர்க்கும்போது மோதும். தொடக்கத்திலேயே யுயுஐடி (எங்கும் மோதாத நீண்ட அடையாள எண்) கொடுத்துவிடுங்கள்.

சோதனைக்காக 'இன்று' என்பதைத் தரும் செயற்கூறு ஒன்றே ஒன்று இருக்கட்டும். கணக்கு எதுவும் கடிகாரத்தை நேரே கேட்கக் கூடாது. அப்போது தேதியை நகர்த்தி, இருபது சொல்லை 90 நாள் ஓட்டிப் பார்க்கலாம். எல்லாம் 'சரி' என்று ஓட்டினால் முதல் அட்டை 1, 7, 22, 60ஆம் நாள்களில் வர வேண்டும். எல்லாம் 'மறந்தேன்' என்று ஓட்டினால் எட்டாவது மறதியில் நிற்க வேண்டும். நடுவே 14 நாள் விடுப்பு விட்டால், திரும்பிய அன்று வரம்புக்கு மேல் ஓர் அட்டையும் வரக் கூடாது.